தேவகிக்கு, ஜெர்மன்டவுனிலிருந்து

அன்புள்ள தேவகி,

உன் கடிதமும் பேரனின் காதுகுத்துப் படங்களும் வந்து சேர்ந்தன. படத்தில் ரொம்ப இளைத்துத் தெரிகிறாய், சர்க்கரையைப் பார்த்துக்கொள். பிலடெல்பியா நகரின் இந்த ஜெர்மன்டவுன் பகுதியில் குளிர் தொடங்கிவிட்டது, என் முழங்காலும் தன் வேலையைக் காட்டுகிறது. மற்றபடி மகள் வீட்டில் எல்லாரும் நலம்.

"குவேக்கர் கூட்டத்துக்குப் போகிறாயாமே, மதம் மாறிவிட்டாயா?" என்று கேட்டிருந்தாய். இல்லையடி. குவேக்கர் என்பது ஒரு கிறிஸ்தவப் பிரிவு, தங்கள் சபையையே 'கூட்டம்' என்பார்கள். பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டார், போனேன். பாதிரியார் கிடையாது, பிரசங்கம் கிடையாது. ஒரு மணி நேரம் எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றினால் எழுந்து சொல்லிவிட்டு உட்காருவார். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த எனக்கு ஆரம்பத்தில் அது தண்டனைதான்.

மாதத்தில் ஒரு மாலை நிறவெறியைப் பற்றிப் பேசக் கூடுகிறார்கள். ஒரு கேள்வியை வாசித்துவிட்டு மௌனமாக இருப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, தன் அனுபவத்தை மட்டும் சொல்லலாம். அடுத்தவர் சொன்னதற்குப் பதில் சொல்லக்கூடாது, திருத்தக்கூடாது, ஆறுதல்கூடச் சொல்லக்கூடாது. எனக்கு வாய் துறுதுறுக்கும். ஆனால் பதில் சொல்ல வழியில்லை என்று தெரிந்த பிறகு மனசு எதிர்வாதம் தேடுவதை விட்டுவிடுகிறது. நம் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் யாராவது யாரையாவது அப்படிக் கேட்டதுண்டா?

முடிவெடுப்பதும் இதே பாணிதான். வாக்கெடுப்பே இல்லை. எல்லார் மனமும் ஒன்றுபட்டுவிட்டது என்று நடத்துபவருக்குப் பட்டால் எழுதி வைப்பார், அதுதான் தீர்மானம். என்னை உறுத்துவதும் இதுதான். 1688இல் இதே ஜெர்மன்டவுனில் நாலு பேர், மனிதரை வாங்குவதும் விற்பதும் அநியாயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். உள்ளூர்க் கூட்டம், இது எங்களுக்கு மீறிய விஷயம் என்று மேலே உள்ள காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அது அதற்கும் மேலே உள்ள ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. அங்கேயும் முடிவில்லை. நம் தாலுகா ஆபீஸ் மனு தோற்றுப்போகும். அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் தீர்மானித்தது 1776இல். நடுவே 88 ஆண்டுகள்! எல்லார் மனமும் கனியட்டும் என்று இவர்கள் பொறுமை காத்தார்கள், அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்களோ அந்த அறையிலேயே இல்லை.

பெஞ்சமின் லே என்று ஒருவர் இருந்தார், உனக்கு ரொம்பப் பிடிக்கும். நாலடி உயரம், கூன் முதுகு. 1738இல் ஆண்டுக் கூட்டத்துக்கு மேலங்கிக்குள் ராணுவ உடையும் வாளுமாக வந்தார். கையில் நடுவே குடைந்த ஒரு புத்தகம், அதற்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பை. அடிமை வைத்திருப்பவர்களைச் சாடிவிட்டு வாளால் புத்தகத்தில் ஒரே குத்து! பக்கத்தில் இருந்தவர்கள் மேல் ரத்தம்போலத் தெறித்தது. தூக்கி வெளியே போட்டார்கள், உறுப்பினர் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள். நீக்கிய அபிங்டன் கூட்டமே கிட்டத்தட்ட 280 ஆண்டுகளுக்குப் பிறகுதான் அவரைத் தம்மவர் என்று ஏற்றுக்கொண்டது.

இங்கே பெரும்பாலும் கொண்டாடப்படுபவர் ஜான் உல்மன் என்ற தையல்காரர். சாந்த சுபாவி. அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடு வீடாகப் போய்த் தனியே பேசினார். அடிமைகள் பணிவிடை செய்த வீட்டில் தங்க நேர்ந்தால் அவர்களுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். நல்ல மனுஷன்தான். ஆனால் லே போட்ட கூச்சலில் தூக்கம் கலைந்திராவிட்டால் உல்மனுக்கு எத்தனை வீட்டுக் கதவு திறந்திருக்கும்?

தீர்மானத்தோடும் கதை முடியவில்லை. அடிமைமுறையை எதிர்த்தவர்களே தங்கள் கூட்டத்தில் கறுப்பர்களுக்குத் தனி பெஞ்சு போட்டார்கள். ஆர்ச் தெருக் கூட்டத்தில் அம்மாவோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்த சாரா மேப்ஸ் டக்ளஸ், இது கறுப்பர் பெஞ்சு என்று மற்றவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதை 1837இல் கடிதமாக எழுதியிருக்கிறார். அவரும் நம்மைப் போல டீச்சர்.

உன் அப்பா மார்ட்டின் லூதர் கிங் காந்திகிராமத்துக்கு வந்ததைச் சொல்வாரே, 1959இல் அந்த இந்தியப் பயணத்துக்கு ஏற்பாடு செய்ததில் இங்குள்ள குவேக்கர் சேவை அமைப்புக்கும் பங்கு உண்டு. அதையும் சொல்லவேண்டும், இல்லையா?

இப்போது எங்கள் ஜெர்மன்டவுனிலேயே கிரீன் தெருக் கூட்டம் பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் ஒதுக்கியிருக்கிறது. அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்கள் வீட்டை இழக்காமலிருக்க உயில், பத்திரச் சிக்கல் போன்றவற்றில் உதவி. கருணை என்று சொல்வதில்லை, பழைய அநியாயத்துக்கு ஈடு என்கிறார்கள். எனக்கு அது பிடித்தது. போன மாதக் கூட்டத்தில் ஒரு கறுப்பினப் பாட்டி, "என் கதையை எத்தனை தடவை சொல்வது? இந்தத் தடவை நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு வெகு நேரம் யாரும் எழவில்லை. அந்த மௌனத்தில் எவ்வளவு யோசனை, எவ்வளவு நழுவல் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நீ சங்கத்தில் எத்தனையோ வாக்கெடுப்பு நடத்தியவள். தோற்ற பக்கம் அப்புறம் உண்மையிலேயே மனம் மாறியதா, அல்லது வாயை மூடிக்கொண்டதோடு சரியா? விவரமாக எழுது.

அன்புடன்,
வசந்தா