உன் கடிதம் கிடந்த இடம்

அன்புள்ள நண்பா,

போன வாரம் போனில் நீ இரண்டு வார்த்தையில் பேச்சை முடித்தபோதே ஏதோ மனத்தாங்கல் என்று தெரிந்தது. "மெயில் போட்டேனே, பார்க்கலையா?" என்றாய். பார்க்கவில்லை என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாய். உன்னுடைய அந்தச் "சரி"யைப் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டு வருகிறேன். சரியில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அன்று இரவே தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். கண்புரை அறுவைக்கு முந்தின இரவு எழுதியிருக்கிறாய். பயமாக இருக்கிறது, வீட்டில் காட்டிக்கொள்ளவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன் என்று. அதை நான் 11 நாள் கழித்துப் படித்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதில் உனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

நாம் இருவரும் ஒரே நாளில், உன் பேச்சைக் கேட்டு, வலைத்தளத்துக்கும் மெயிலுக்கும் சர்வரில் இடம் வாடகைக்குத் தரும் ஒரே ஹோஸ்டிங் நிறுவனத்தில் கணக்குத் தொடங்கினோமே, நினைவிருக்கிறதா? 12 வருடமாக என் வலைத்தளமும் மெயிலும் அங்கேதான் இருந்தன. வலைத்தளத்தைப் பற்றி எனக்குக் குறை இல்லை. மெயில்தான் தொல்லை. பெட்டி அடிக்கடி நிரம்பும். நான் அனுப்புவது பலருக்கு ஸ்பாமில் போய் விழும். சர்வரின் இணைய எண்ணான ஒரே ஐபி முகவரியைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில், ஒருவன் குப்பை மெயில் அனுப்பினாலும் கெட்ட பெயர் எல்லோருக்கும்தான். மூன்று முறை புகார் எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில், காற்புள்ளிகூட மாறாமல் வந்தது. வலைத்தளம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், மெயிலை மட்டும் பெயர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

சொந்த டொமைனில், அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர் நம்முடையதாக இருப்பதில், உள்ள வசதியே அதுதான். முகவரி நம்முடையது, பெட்டிதான் வாடகை. "இந்த டொமைனுக்கு வரும் கடிதத்தை இன்ன சர்வரிடம் கொடு" என்று, இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் ஒரு வரி இருக்கும், எம்எக்ஸ் ரெக்கார்டு. நாம் அரைக்கால் சட்டையோடு திரிந்த 1986-இலேயே வந்த ஏற்பாடு. அந்த வரியை மாற்றினால் உலகம் முழுவதும் புதுப் பெட்டிக்குக் கடிதத்தைக் கொண்டுபோக வேண்டும். அப்படித்தான் நானும் நம்பினேன்.

ஆத்திரப்படாமல்தான் செய்தேன். முதலில் புது இடத்தில் எல்லாப் பெட்டிகளையும் திறந்தேன். எல்லாம் என்றால் எத்தனை என்று உட்கார்ந்து எண்ணியபோதுதான் தெரிந்தது, வங்கிக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, எதற்கென்றே மறந்துபோன ஒன்று என்று ஏழு முகவரி வைத்திருக்கிறேன். இதைச் செய்யாமல் எம்எக்ஸை மாற்றினால் "அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை" என்று புது சர்வர் வருகிற கடிதத்தை அப்போதே திருப்பி அனுப்பிவிடும். சர்வர் கொஞ்ச நேரம் படுத்துக்கிடந்தால்கூடக் கவலையில்லை. அனுப்பும் பக்கம் பொதுவாக நாலைந்து நாள் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். ஆள் இல்லை என்று சொல்லிவிட்டால்தான் கதை அத்தோடு முடிந்தது.

அப்புறம் டிடிஎல். டிஎன்எஸ் தந்த பதிலை மற்ற சர்வர்கள் எத்தனை வினாடி நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் எண். என்னுடையது 86400, அதாவது ஒரு முழு நாள். இரண்டு நாள் முன்பே அதை 300 ஆக்கினேன். மாற்றுகிற அன்று குறைத்துப் பயனில்லை. பழைய எண்ணை வாங்கிப் போனவர்கள் ஒரு நாள் முழுக்க அதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

பழைய மெயில்களை ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலைப் படிக்கும் பொதுவான முறை) வழியாகப் படி எடுக்க இரண்டு இரவு ஆனது. திரையில் தலைப்புகள் ஓடிக்கொண்டே இருந்தன. எங்கள் வீட்டு மனைத் தகராறு, மகள் முதல் வேலைக்கு எழுதிய விண்ணப்பம், அப்பா தன் வாழ்நாளில் அனுப்பிய ஒரே மெயில். அதில் தலைப்பு மட்டும்தான் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. "நலம்" என்று தலைப்பிலேயே எழுதி அனுப்பிவிட்டார். வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (ஐமேப் மெயிலை மட்டும்தான் கொண்டுவரும். தொடர்புப் பட்டியல், நாட்காட்டி, ஃபில்டர் எல்லாம் தனியாகத்தான் எடுக்க வேண்டும். ஃபில்டர்களை நான் மறந்தேன்.)

சனிக்கிழமை இரவு எம்எக்ஸை மாற்றினேன். பழைய வரியை அழித்துவிட்டேன். இரண்டும் இருந்தால் முன்னுரிமை எண் சிறியதாக உள்ளதுக்குத்தான் முதலில் போகும், அது எடுக்காவிட்டால் மற்றதற்கு. கடிதங்கள் இரண்டு பக்கமும் சிதறும். எஸ்பிஎஃப்பில், அதாவது என் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் வரியில், ஒரு தப்பு செய்தேன். பழைய வரியைத் திருத்துவதற்குப் பதில் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்தேன். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. மறுநாள் ஒன்றாக்கினேன். அனுப்பும் மெயிலுக்கு மின் கையெழுத்துப் போடும் டிகேஐஎம் சாவியைப் போட்டு, இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை இப்போதைக்கு வெறுமனே கவனிக்கும் நிலையில் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் முன்பு போல விட்டுவிட முடியாது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கண்டிப்பாக இருக்கின்றன. மொத்தமாக மெயில் அனுப்பும் கம்பெனிகள் (ஜிமெயில் கணக்கில் தினம் 5000) மூன்றையும் வைத்திருக்க வேண்டும், நம்மைப் போன்றவர்கள் எஸ்பிஎஃப்போ டிகேஐஎம்மோ ஒன்றாவது.

எல்லாம் முடித்து ஜிமெயிலிலிருந்து ஒன்று, அலுவலகத்திலிருந்து ஒன்று அனுப்பிப் பார்த்தேன். நொடியில் வந்தன. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அந்த வாரம் எல்லோர் கடிதமும் வந்தது, உன்னுடையதைத் தவிர.

ஏன் தெரியுமா? நீயும் நானும் ஒரே நாளில் கணக்குத் தொடங்கியதால், இத்தனை வருடமும் ஒரே சர்வரில் குடியிருந்திருக்கிறோம். என் டொமைனின் மெயில் தன்னிடம்தான் இருக்கிறது என்று அந்த சர்வர் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து அனுப்புகிறவர்கள் டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் புது இடத்துக்குப் போனார்கள். நீ அனுப்பியதைக் கையில் வாங்கிய சர்வர் யாரையும் கேட்கவில்லை. "இவனா, நம்ம ஆள்தானே" என்று என் பழைய பெட்டியிலேயே போட்டுவிட்டது. உனக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. எனக்கு ஸ்பாமில்கூட வரவில்லை. என் வலைத்தளத்துத் தொடர்புப் படிவமும் அதே சர்வரில் ஓடுவதால், அதில் எழுதிய இரண்டு பேரின் கடிதமும் உன்னுடையதற்குத் துணையாக அங்கேயே கிடந்தன.

பழைய ஹோஸ்டிங்கின் கன்ட்ரோல் பேனலில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது, மெயிலை உள்ளேயே வைத்துக்கொள்வதா, வெளியே அனுப்புவதா என்று. ஒரே கிளிக். அதைச் செய்துவிட்டேன். நினைத்தால் பகீர் என்கிறது. மாதக் கடைசியில் பழைய பெட்டிகளை அழிப்பதாக இருந்தேன். நீ போனில் கோபித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்தக் கடிதம் அப்படியே போயிருக்கும்.

நீயும் மாறலாமா என்று அதே கடிதத்தில் கேட்டிருக்கிறாய். மாறு. ஆனால் முதல் வேலையாக, டொமைன் பதிவு செய்த இடத்தில் என்ன மெயில் முகவரி கொடுத்திருக்கிறாய் என்று பார். உன்னைப் பற்றித் தெரியும், அதே டொமைன் முகவரியைத்தான் கொடுத்திருப்பாய். வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதைதான். மெயில் நின்றுபோன நாளில் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பும் அந்த நின்றுபோன பெட்டிக்குத்தான் வரும். வேறு முகவரிக்கு மாற்றிவிட்டு மற்றதைத் தொடங்கு. புது நிறுவனம், டிஎன்எஸ் வரிகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே தன் பக்கம் திருப்பச் சொல்லலாம். உடனே தலையாட்டாதே. இப்போது இருக்கிற டிஎன்எஸ் வரிகளை அங்கே எழுதி வைக்காமல் திருப்பினால் உன் புகைப்படத் தளம் காணாமல் போகும். பழைய பெட்டியை இரண்டு மாதமாவது விட்டு வை. அந்த ஒரு கிளிக்கையும் மறக்காதே. மற்ற எதிலாவது மாட்டிக்கொண்டால் போன் போடு, கூட உட்கார்ந்து செய்து தருகிறேன்.

மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கு முட்டி வலி அப்படியேதான், மாடி ஏறுவதைக் குறைத்திருக்கிறேன்.

இனி உன் கடிதத்துக்குப் பதில். பயந்ததாக எழுதியிருந்தாய். அன்றிரவு அதைப் படித்திருந்தால் போன் போட்டு விடிய விடிய உன்னைத் தூங்கவிடாமல் பேசியிருப்பேன். அது முடியாமல் போனதற்கு மன்னித்துவிடு. கண் கட்டை அவிழ்த்ததும் முதலில் என்ன தெரிந்தது, நிறமெல்லாம் மாறித் தெரிகிறதா, எல்லாவற்றையும் எழுது. இந்த முறை ஒரே நிமிடத்தில் வந்துவிடும், சோதித்துப் பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழன்