பகலில் சோலார், இரவில் ஏசி

ஆசிரியருக்கு வணக்கம்.

கூரையில் சோலார் பூட்டினால் காபன் வெளியேற்றம் குறைந்துவிடும் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மூன்று வருடத்துக்கு முன் நானும் அப்படி நம்பித்தான் பூட்டினேன். பில் குறைந்தது. சரி, மிச்சம்தானே என்று மகள் கேட்க ஓர் ஏசியும் வாங்கினோம். அது ஓடுவது இரவில். பகலில் கொடுத்த யூனிட்டில் இரவில் எடுத்ததைக் கழித்து மீட்டர் சமன் காட்டுகிறது. ஆனால் இரவில் கம்பியில் வருவது எங்கள் கூரை மின்சாரம் இல்லை. நீர்மின்னும் காற்றும் போக மிச்சத்துக்கு நுரைச்சோலை அனல்மின் நிலையத்து நிலக்கரியும் எண்ணெயும்தான் பெரும்பாலும் எரிகின்றன.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் என்ன நடந்தது? மின்பாவனை குறைந்த நாட்களென்று, கூரைத் தகடுகளைப் பகல் மூன்று மணிவரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. அதுவும் கொளுத்துகிற சித்திரை வெயிலில்! தகடு மலிந்த அளவுக்கு, அது தருவதைப் பொழுதுபட்ட பிறகும் பிடித்து வைக்கிற பற்றரி நம்மிடம் இல்லை.

இன்னொன்று, மிச்சம் வந்தால் கூடச் செலவழிக்கும் நம்முடைய பழக்கம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தல் விளக்கில் படித்தவள் நான். எண்ணெய்க்குத் துளிக் கணக்குப் பார்த்த வீடு. 60 வாட் குண்டு பல்ப் செய்த வேலையை இன்று 9 வாட் எல்இடி செய்கிறது என்று ஒரு பல்ப் இருந்த முற்றத்தில் ஆறு போட்டிருக்கிறோம். கூட்டினால் 54 வாட். இயந்திரம் சிக்கனமானால் நிலக்கரி இன்னும் அதிகமாகத்தான் எரியும் என்று ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1865இலேயே எழுதிவிட்டார்.

அதனால்தான் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக் கலப்பு மின் திட்டத்தை ஆவலோடு பார்க்கிறேன். இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. சூரியன் 1700 கிலோவாட், காற்று 530. கூடவே 2400 கிலோவாட் மணி பற்றரி. அவசரத்துக்கென்று 2500 கிலோவாட் டீசல் ஜெனரேட்டரும் இருக்கிறது. சூரியனையும் காற்றையும் கூட்டினாலும் அதை எட்டாது. அந்த டீசல் சும்மா நின்றால் நட்டமில்லை. ஓடினால் லீற்றருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு.

திறப்பு விழாப் படத்தோடு விட்டுவிடாமல், மாதாமாதம் தீவுகளுக்கு எத்தனை லீற்றர் டீசல் படகேறுகிறது, முன்பு எத்தனை ஏறியது என்று உங்கள் தீவக நிருபர் கேட்டு எழுதுவாரா?

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.