பூநாரைகள் எதற்காக எழுந்தன?

கிருஷ்ணகிரி,
மார்கழி கடைசி வாரம்

அன்புள்ள பாப்பா,

கோடியக்கரையிலிருந்து நீ அனுப்பிய வீடியோவை அம்மாவும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். கடற்காற்றின் இரைச்சலில் நீ பேசியது எதுவும் காதில் விழவில்லை. அத்தனை பூநாரைகளும் ஒரே நேரத்தில் எழும்பி, இறக்கையின் சிவப்புத் தெரியத் திரும்பியபோது அம்மா வாயடைத்துப் போனாள். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் தொடக்கத்தில் இரண்டு பையன்கள் கைதட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடுகிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

இங்கேயும் வாடைக்காற்று பலமாக வீசுகிறது. காதோடு துண்டைக் கட்டிக்கொண்டு காலையில் கே.ஆர்.பி. அணைக்குப் போகிறேன். கரைமேல் நிற்க முடியாமல் காற்று தள்ளுவதால் நீர்ப்பிடிப்புப் பக்கம் இறங்கிவிடுகிறேன். பாசனத்துக்குத் தண்ணீர் விட விட, ஓரத்தில் சேறு வெளிப்படுகிறது. அந்தச் சேற்றில்தான் கொசு உள்ளான் என்ற சின்னஞ்சிறு பறவைகள் மேய்கின்றன. ஏறத்தாழ 25 கிராம், ஒரு எலுமிச்சம்பழத்தின் எடைகூட இருக்காது. கருத்த அலகும் கருத்த காலுமாக, நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே ஓடுகின்றன. காற்று ஓங்கி அடித்தால் எல்லாம் காற்று வரும் திசைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. பின்னாலிருந்து அடித்தால் இறகு விரிந்து குளிர் உடம்பில் ஏறிவிடும் அல்லவா! சைபீரியாவில் வடதுருவத்தை ஒட்டிய வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்த பறவைகள் இவை.

போன வாரம் ஒரு நாய் அவற்றைத் துரத்தியது. கூட்டம் எழும்பி, நீர்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் இறங்கியது. நாய் விடவில்லை. மூன்றாம் முறை எழும்பியவை இறங்கவே இல்லை, எதிர்க்கரைக்குப் போய்விட்டன. அங்கே வெறும் பாறை, இரை ஏது?

உன் பக்கத்துப் பறவைகளுக்கு இன்னும் சிரமம். இங்கே சேறு நாள் முழுவதும் திறந்து கிடக்கிறது. கடலோரத்தில் ஓதம் ஏறி நீர் உயர்ந்தால் சேறு மூடிவிடும், வற்றினால்தான் சாப்பாடு. ஓதம் ஏறியிருக்கும் வேளையில் மணல்திட்டில் ஒற்றைக்காலில் நின்று, அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு ஓய்வெடுக்கும். 'சும்மாதானே நிற்கின்றன' என்று நம் ஆட்கள் கிட்டே போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும், தின்று சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் வீணாகக் கரைகிறது. கோடைக்கு முன் திரும்பிப் போக அவற்றுக்கு அதைவிட்டால் வேறு கையிருப்பு இல்லை.

பூநாரை பறந்தால்தான் அழகா? மேய்வதைப் பார். தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி நீரில் வைத்து, சேற்றுநீரை உறிஞ்சி வடிகட்டித் தின்னும். நடுநடுவே காலால் சேற்றைக் கிளறும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு அறுவடை நேரத்தில் வரும் யானைகளின் பின்னால் செல்போனோடு ஓடுகிறார்களே, அதைப் பார்த்தாலும் எனக்கு இதே ஆத்திரம்தான்.

நீ ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த முறை அப்படி யாராவது ஓடினால், 'தம்பி, கொஞ்சம் நில்லுங்கள்' என்று சொல். பக்குவமாகச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். நீயும் வெயில் முதுகில் விழும்படி தள்ளி உட்கார்ந்துகொள். மேய்கிற பறவை தலையைத் தூக்கி உன்னையே பார்த்தால் போதுமான அளவுக்கு நெருங்கிவிட்டாய் என்று பொருள். அங்கேயே நின்றுவிடு, முடிந்தால் இரண்டடி பின்வாங்கு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பல ஆண்டுகளாக, பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய அவற்றுக்கு வளையமிட்டு வருகிறார்கள். காலில் வளையமோ நிறக்கொடியோ தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்து எனக்கு அனுப்பு. வெளிமான்களைப் பார்த்தாயா என்றும் எழுது.

என் பைனாகுலரைப் பார்சலில் போட்டிருக்கிறேன். வலது கண் பக்கத்துத் திருகு கொஞ்சம் இறுக்கம், மெதுவாகத் திருப்பு. உப்புக்காற்றில் வெளியே வைக்காதே. அம்மா அதோடு கேழ்வரகு மாவும் வைத்திருக்கிறாள், வந்ததும் டப்பாவில் கொட்டிவிடு.

அன்புடன்,
அப்பா