மேற்குக் கடலில் இறங்கும் நிலா

மாட்டுங்கா, மும்பை,
திருவாதிரைக்கு மறுநாள்

அன்புள்ள வசந்தி,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மருமகள் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு மட்டும் முழங்கால் வலி விட்டபாடில்லை.

நீ அனுப்பிய பௌர்ணமிப் படம் பார்த்தேன். டார்ச் லைட் அடித்த மாதிரி வெறும் வெள்ளையாக வருகிறது என்று வருத்தப்பட்டிருந்தாய். அது உன் கைத்தப்பு இல்லைடீ. நிலா வெயிலில் கிடக்கும் பாறை. நமக்குத்தான் ராத்திரி, அங்கே பட்டப்பகல். கேமராவோ சுற்றியிருக்கும் கறுப்பைப் பார்த்து, இருட்டில் எடுக்கிறார்கள் என்று எண்ணி வெளிச்சத்தை அள்ளிவிடுகிறது. உச்சியில் இருக்கும் முழு நிலாவுக்கு லென்ஸ் திறப்பு எஃப் 11, வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100 விநாடி என்று ஒரு பழைய கணக்கு உண்டு. கிட்டத்தட்ட பகல் வெளிச்சத்துக்கு வைக்கிற அளவுதான். உனக்கு அதெல்லாம் வேண்டாம். போன் திரையில் நிலாவின் மேல் விரலை வை, பக்கத்தில் குட்டிச் சூரியன் ஒன்று வரும், அதைக் கீழே இழு. பாட்டி வடை சுடுவது தெரிகிற வரைக்கும் இழு.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நாலரை மணிக்கே எழுந்து தாதர் கடற்கரைக்குப் போனேன். பையன் விட்டுப்போன பழைய கேமரா, 300 எம்.எம். வரை போகும் லென்ஸ், போரா பஜாரில் வாங்கிய ட்ரைபாட். களி கிளற ஏழரைக்குள் திரும்பிவிடுவேன் என்று இவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். தாதரில் நின்றால் எதிரே வளைகுடாவைத் தாண்டி பாந்த்ரா–ஒர்லி கடல் பாலம் தெரியும். மார்கழிப் பௌர்ணமி நிலா நேர் மேற்கில் இறங்காது, நன்றாக வடக்கே தள்ளித்தான் இறங்கும். அந்தப் பக்கம்தான் பாலத்தின் பெரிய கோபுரம். அதன் வடங்களுக்குப் பின்னால் நிலாவை நிறுத்தவேண்டும், அதுதான் என் ஆசை.

தரங்கம்பாடியில் நாம் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? டேனிஷ் கோட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம், நிலா கடலிலிருந்து தாம்பாளம் மாதிரி எழும்பும். உன் அண்ணன் கேமராவில் எடுத்ததைக் கழுவிப் பார்த்தால் ஒரு புள்ளி. அன்றைக்கு எவ்வளவு அழுதாய்! அடிவானத்து நிலா பெரிதாகத் தெரிவது நம் கண்ணின் மயக்கம். வானத்தில் அது எப்போதும் அரை டிகிரிதான். படத்தில் பெரிதாகத் தெரியவேண்டுமானால், பக்கத்தில் வைக்கிற கட்டடத்தை விட்டு நாம் தூரம் போகவேண்டும். தாதரிலிருந்து அந்தக் கோபுரம் இரண்டு கிலோமீட்டருக்குமேல். அவ்வளவு தூரத்தில் நிலா சுமார் இருபது மீட்டரை அடைத்துக்கொள்கிறது, ஆறேழு மாடிக் கட்டடம் அளவுக்கு. கோட்டைச் சுவரின் பக்கத்திலேயே நின்று எடுத்தோமே, அங்கேதான் தவறிவிட்டோம்.

ஆறரைக்கு நிலா வடங்களுக்கு மேலே நின்றது. ஆனால் நிற்கிற வஸ்துவா அது! இரண்டு நிமிஷத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடுகிறது, அதுவும் வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே. அதைக் கோபுரத்தோடு பிடித்து வைக்க, ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு ஈர மணலில் தெற்குப் பக்கமாக நடந்துகொண்டே இருந்தேன். வைத்த இடத்தில் ஒரு கால் புதையும், மறுபடி நிமிர்த்தவேண்டும். ஷட்டரைக் கையால் அமுக்கினால் ஆடும் என்று இரண்டு விநாடி டைமர் வைத்தேன். அந்த இரண்டு விநாடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

நேரம் ஆக ஆக வெள்ளை மங்கி மஞ்சளானது, அப்புறம் காய்ந்த ஆரஞ்சுத் தோல் நிறம். ஐ.எஸ்.ஓ.வை 800 வரை ஏற்றினேன். பின்னால் கிழக்கு வெளுத்து, வானம் நீலமாகி, நிலாவும் பாலமும் ஒரே படத்தில் அடங்குகிற வெளிச்சம் வந்தது. அது ஏழெட்டு நிமிஷம்தான். கடைசியில் நிலா கடலைத் தொடவில்லை வசந்தி. குளிர்காலப் புகைமூட்டம் இங்கே அடிவானத்தை அப்படியே மூடியிருக்கிறது. தண்ணீருக்குக் கொஞ்சம் மேலேயே கரைந்துபோய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முப்பத்தோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். நம் ஊரில் நிலா கடலில் பிறக்கும், இங்கே கடலில் அடையும் என்பது நேற்றுவரை எனக்குத் தோன்றவே இல்லை. விடிகாலையில் சமையலறை ஜன்னலை விட்டு எங்கே நகர்ந்தேன்?

வீட்டுக்கு வந்து களி கிளறி, ஏழுகறிக் கூட்டும் வைத்தேன். கை மணல் போக இரண்டு தடவை கழுவினேன். எடுத்த நாற்பதில் ஒன்றுதான் தேறியது. வடத்தின் நடுவில் நிலா, மேலே ஒரு காக்கை. பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

தைப்பூசத்தன்று உன் கண் ஆறியிருக்கும். டாக்டர் சரி என்றால் மட்டும், மருமகளைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் கோட்டைக்கு முன்னால் போ. கோட்டை படத்தில் வேண்டாம், தூரத்தில் ஒரு படகு வந்தால் போதும். கடலிலிருந்து எழும்போது நீ எடு. அதே நிலாவை மறுநாள் விடிகாலையில் நான் இங்கே எடுக்கிறேன். எடுத்ததும் எனக்கு போன் பண்ணு, எத்தனை மணி ஆனாலும் சரி.

உன்
கமலா