பழைய கணினிக்கும் இணையத்துக்கும் நடுவே ஒரு பெட்டி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆய்வகக் கருவிகளுக்கும் தொழிற்கூட இயந்திரங்களுக்கும் துணையாக விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 கணினிகள் இன்னும் பல இடங்களில் ஓடுகின்றன. ஆன்டிவைரஸ் போட்டுவிட்டு இவற்றை இணையத்தில் இணைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. எக்ஸ்பிக்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள் தருவது) 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரியிலும் முடிந்துவிட்டன. 2017 மே மாதம் வந்த வான்னாக்ரை (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்), யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட் (இணைப்பு வாயில் எண்) வழியாகக் கணினிக்குக் கணினி பரவியது.

தரவைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் (TLS) முறையில், எக்ஸ்பியின் சொந்த மறையாக்கம் 1.0 பதிப்பைத் தாண்டாது. இன்றைய சர்வர்கள் பெரும்பாலும் 1.2-க்குக் கீழே ஏற்பதில்லை. இந்த ஒரு கணினிக்காக சர்வரில் பலவீனமான 1.0-ஐத் திறந்துவிடச் சொல்வது மற்ற எல்லோருக்கும் செய்யும் கெடுதல்.

நெட்வொர்க் கேபிள் செருகும் துளை இரண்டு உள்ள, லினக்ஸ் ஓடும் சிறிய கணினிப் பெட்டி ஒன்றை நடுவில் வைப்பதே சரி. முதலில் பழைய ஹார்டு டிஸ்க்கை முழுதாக இமேஜ் (அச்சு நகல்) எடுத்துவிடுங்கள். பிறகு பழைய கணினியை நேரடியாக ஒரு கேபிளில் பெட்டியோடு இணைத்து, பெட்டிக்கு 192.168.50.1, கணினிக்கு 192.168.50.2 என்று நிலையான ஐபி முகவரி கொடுங்கள். கணினியில் கேட்வே (வெளியே போகும் வழி), டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை) இரண்டையும் காலியாக விடுங்கள். கோப்புப் பகிர்வை நிறுத்துங்கள். பெட்டியில் ஐபி ஃபார்வர்டிங் (ஒரு பக்கத் தரவை அப்படியே மறுபக்கம் கடத்துவது) அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் ரவுட்டர்தான்.

பெட்டியில் ஸ்டன்னல் மென்பொருளை கிளையன்ட் முறையில் ஓட்டினால், பழைய மென்பொருள் சாதாரணமாக அனுப்பும் தரவை வாங்கி, டிஎல்எஸ் 1.2 அல்லது 1.3-இல் பூட்டி வெளியே அனுப்பும். பலர் சறுக்குவது இங்கேதான். ஸ்டன்னல் தானாக எதிர்முனையின் சான்றிதழைச் சரிபார்ப்பதில்லை. நம்பத்தக்க சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டி, சான்றிதழைச் சோதிக்கும் வெரிஃபைசெயின் (verifyChain), சர்வர் பெயரைச் சோதிக்கும் செக்ஹோஸ்ட் (checkHost) என்ற இரண்டு வரிகளையும் அமைப்புக் கோப்பில் நாம்தான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பூட்டு இருக்கும், ஆனால் சாவி யார் கையில் என்று தெரியாது. கடிகாரத்தையும் கவனியுங்கள். பெட்டியாக ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைத்தால், அதன் 4-ஆம் மாதிரி வரையிலான பலகைகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தபின் தேதி பின்தங்கினால், நல்ல சான்றிதழும் செல்லாததாகிவிடும். எனவே நேரம் என்டிபி (இணையத்தில் நேரம் கேட்கும் முறை) வழியே சரியான பிறகே ஸ்டன்னல் தொடங்கும்படி அமையுங்கள்.

தொலைவிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஆம் போர்ட்டைத் திறந்து வைப்பது எங்களுக்கு மிகவும் கவலை தருகிறது. தயவுசெய்து மூடுங்கள். வயர்கார்ட் விபிஎன் (பூட்டிய தனிவழி) வழியாகப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து எஸ்எஸ்ஹெச் (SSH) டனல் என்ற பூட்டிய இணைப்பின் மூலம் பழைய கணினியைத் தொடலாம்.

கடைசியில் இரண்டு சோதனைகள். பழைய கணினியிலிருந்து இணையத்திலுள்ள கூகுள் முகவரியான 8.8.8.8-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் பதில் வரவே கூடாது. செக்ஹோஸ்டில் வேண்டுமென்றே தவறான பெயரைப் போட்டு ஸ்டன்னலை மறுபடி தொடங்கினால் இணைப்பு அறுந்துபோக வேண்டும். அப்போதும் தரவு போனால் சரிபார்ப்பு நடக்கவில்லை என்று பொருள்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பராமரிப்பாளர்கள்