நெல்லையில காப்பிப்பொடி அரைச்சு விக்கிற அண்ணாச்சிமாருக்கு

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை, எங்க கடை வச்சிருந்தாலும் சரி, உங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதுதேன். சரக்குல எனக்கு கொறையே கிடையாது, பீபரி, பிளான்டேஷன் ஏ-ன்னு ரெண்டு வகைக் காப்பிக் கொட்டையும் பதமா வறுத்து வச்சிருக்கீங்க, அதை மிஷின்ல போட்டு எடுக்குத விதத்துலதான் மனசு கேக்க மாட்டேங்குது.

யாரு வந்து நின்னாலும் ஒரே அரைப்பு. வீட்டுல எதுல போடுவீங்கன்னு ஒரு வார்த்த கேக்குறதில்ல. ஃபில்டருக்குன்னா பொடிய ரெண்டு விரல்ல வச்சு தேச்சுப் பாத்தா லேசா நறநறங்கணும். மாவா அரைச்சுட்டா மேல் டப்பா ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிட்டு ராத்திரி ஊத்துன தண்ணி விடிஞ்சும் அப்படியே நிக்கும், தட்டித் தட்டி இறக்குனாலும் ஒரே கசப்பு. பெரும்பொடியா விட்டா வென்னி கடகடன்னு இறங்கிரும், டிக்காஷன் வெளுத்துப்போயி பால் ஊத்துனா காப்பின்னே தெரியாது. இதுல சிக்கரி வேற தண்ணிய இழுத்துப் பிடிச்சுக்கும், அதனால சிக்கரி கூடக் கேக்குதவங்களுக்கு அரைப்ப இன்னும் கொஞ்சம் தளத்தி விடணும், இது என்னைய விட உங்களுக்கு நல்லாவே தெரியும்.

சிக்கரிய தயவுசெஞ்சு கையால அள்ளிப் போடாதீங்க அண்ணாச்சி. கால் கிலோவுக்கு 80-20ன்னு கேட்டா 200 கிராம் காப்பி, 50 கிராம் சிக்கரி, ரெண்டையும் தனித்தனியா எங்க கண்ணு முன்னால தராசுல வையுங்க. கலவைப் பொடியில காப்பி 51 சதவீதத்துக்குக் கொறையக் கூடாது, எது எவ்வளவுன்னு பாக்கெட்டு மேல எழுதணும்னு உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கு. கூடவே வறுத்த தேதியையும் பேனாவால எழுதிட்டா ரொம்ப புண்ணியம், அரைச்ச பொடியில வாசனை நாளுக்கு நாள் போயிட்டே இருக்கும்லா.

இன்னொண்ணு, முன்னால ஆளுக்கு அரைச்ச சிக்கரிப் பொடி மிஷினுக்குள்ள தங்கி நிக்கும், அடுத்தாப்புல சிக்கரியே வேண்டாம்னு கேட்டவருக்கு முதல்ல விழுறது அதுதான். ஒரு கை கொட்டையப் போட்டு ஓட்டி அத ஒதுக்கிட்டு அப்புறம் அரைங்க. சூடா வர்ற பொடிய உடனே கவர்ல போட்டு இறுக்கிக் கட்டாம கொஞ்சம் ஆற விடுங்க.

அரைப்பு தடவைக்குத் தடவை மாறுனா வீட்டுல அளவே நிக்க மாட்டேங்கு. அதே மூணு ஸ்பூன்தான், ஆனா நைஸ் பொடின்னா ஒரு எடை, பெரும்பொடின்னா ஒரு எடை. அதான் எங்க வீட்டுல ஸ்பூன விட்டுட்டு குட்டித் தராசு வச்சு 25 கிராம் பொடிக்கு 150 மில்லி வென்னின்னு ஊத்துதோம். மிக்ஸியில அரைச்சா பாதி மாவும் பாதி கட்டியுமா வருது, உங்க மிஷின் அரைப்பு அதுல வராது, அதனாலதான் கடைக்கே வாரோம். ஃபில்டருக்கு எந்த இடத்துல வச்சா சரியா வருதோ மிஷின் திருகுல அந்த இடத்துல பெயிண்ட்டால ஒரு கோடு போட்டு வைங்க, கடையில எந்தப் பையன் நின்னாலும் அதுல வச்சு அரைச்சுத் தரட்டும்.