செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பழைய ஜாய்ஸ்டிக் பழுதுபார்ப்பு, செங்கோட்டை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கை வேலையைப் பற்றியது.

செங்கோட்டை, தென்காசி வீடுகளிலிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூரிலிருந்தும் பழைய வீடியோ கேம் ஜாய்ஸ்டிக்குகள் வந்தன. பெரும்பாலானவை அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளோடு சேர்ந்தவை.

அட்டாரி கேம் பெட்டியின் சிஎக்ஸ்40 ஜாய்ஸ்டிக்கில் ஒரு திசை மட்டும் வேலை செய்யவில்லை என்றால், உடனே உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைக் குறை சொல்ல வேண்டாம். அடியில் உள்ள 4 ஸ்க்ரூக்களைக் கழற்றி, போர்டில் அந்தத் திசைக்குரிய உலோகக் குமிழை விரலால் அழுத்துங்கள். மின்தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்த மல்டிமீட்டரின் ஒரு முனை பிளக்கின் 8-ஆம் பின்னில் இருக்கட்டும். மறுமுனையை மேலே 1, கீழே 2, இடது 3, வலது 4, சுடும் பட்டன் 6 என்று மாற்றிப் பாருங்கள். பீப் கேட்டால் போர்டும் வயரும் நன்றாக இருக்கின்றன. ரப்பருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தண்டுதான் உடைந்திருக்கும். முழு விசையும் அதன் மேல்தான் இறங்குகிறது என்பதால் பசை போட்டு ஒட்டினால் நிற்காது. மாற்றுத் தண்டு போடுவதே சரி.

பீப் விட்டுவிட்டு வந்தால், பெரும்பாலும் வயர் ஜாய்ஸ்டிக் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அறுந்திருக்கும். இந்த மாடலில் வயர்கள் கிளிப்பாகச் செருகப்பட்டிருப்பதால் சால்டரிங் தேவையில்லை. கிளிப்பைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து அல்ல. பீப்பே வராமல், வயரும் சரியாக இருந்தால், குமிழுக்கு அடியில் அழுக்கோ களிம்போ இருக்கும். குமிழ்களைப் பிடித்திருக்கும் டேப்பை உரித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பட்ஸால் குமிழையும் அதன் அடியில் போர்டிலுள்ள மின்தடத்தையும் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் புது டேப் ஒட்டுங்கள். சாரல் மாதங்களில் ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிட்டால் களிம்பு திரும்ப ஏறும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஜாய்பேடுகள் இவ்வாண்டும் வந்தது வருத்தம். டிவி கேம் (நின்டெண்டோ ஃபாமிகாமின் நகல் பெட்டி) ஜாய்பேடுகளின் தடங்கள் பலவற்றில் மேலே இருப்பது கார்பன் பூச்சு. தேய்த்தால் அதுவே போய்விடும், பிறகு மீட்பது கடினம். ரப்பர் அடியிலுள்ள கறுப்பு வில்லையையும் மெதுவாகத் துடைத்தால் போதும். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். அது தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும்.

நின்டெண்டோ 64 கேம் பெட்டியின் ஜாய்ஸ்டிக் தண்டு தளர்ந்து தொங்குவதற்குக் காரணம் வேறு. தண்டின் முனை பிளாஸ்டிக் கிண்ணத்தில் உரசி உரசி இரண்டும் தேய்கின்றன. உள்ளே கிடக்கும் வெள்ளைப் பொடி அந்தத் தேய்மானம்தான். பொடியைத் துடைத்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் தேய்மானம் குறையும். தொங்கல் போகாது. அதற்குக் கிண்ணத்தையும் தண்டையும் மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 9 பின் பிளக் ஒன்றுபோல இருந்தாலும் அட்டாரி ஜாய்ஸ்டிக்கையும் டிவி கேம் ஜாய்பேடையும் மாற்றிச் செருகக் கூடாது. டிவி கேம் பேடுக்குள் ஒரு ஐசி (சிப்) இருக்கிறது, அதற்கு மின்சாரம் போக வேண்டும். அட்டாரியில் வெறும் சுவிட்சுகள்தான். பின் ஒழுங்கும் வேறு.

வரும் ஆண்டில் பழுதுபார்த்த ஒவ்வொன்றிலும் மாடலும் பின் ஒழுங்கும் எழுதிய சீட்டு ஒட்டவும், சேமிப்புப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைக்கவும் குழு முடிவு செய்துள்ளது. சரிசெய்ய முடியாதவற்றைக் குப்பையில் போடாமல் உதிரி பாகத்துக்குத் தருமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்